இன்றிரவு படகை எங்கே கட்டுவது? கடலோரப் பாய்மரப் பயணத்தில் பெர்த் பிடிக்கும் வழி

மாலை ஏழரை மணி. காலையிலிருந்து எதிர்க்காற்று. முதல் துறைமுகத்தில் இடமில்லை என்றார்கள். இரண்டாவதை வானொலியில் அழைத்தால் பதிலே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ஏதோ படகுப் பந்தயத்துக்காக மிதவை மேடைகள் முழுவதும் அடைபட்டிருந்தன. மூன்றாவதில் இடம் இருந்தது. தண்ணீர்தான் இல்லை. வாயிலைத் தாண்டிய ஐந்தாவது நிமிடத்தில், படகின் அடியில் துருத்தி நிற்கும் கீல் சேற்றில் இறங்கி, படகு மெல்லச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறி எங்களைத் தூக்கிவிட நள்ளிரவு தாண்டிவிட்டது. அதுவரை நான்கு பேரும் சரிந்த தளத்தில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தோம்.

அன்று செய்த தவறுகளை மறுநாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஏழு வந்தது. அவற்றில் ஒன்றுகூடப் பாயிலோ சுக்கானிலோ செய்ததல்ல. ஏழுமே காலை பதினொரு மணிக்குள் வரைபடமும் தொலைபேசியுமாக உட்கார்ந்து முடித்திருக்க வேண்டிய வேலைகள். பெர்த் என்பது மாலையில் துறைமுக வாயிலில் கிடைப்பதல்ல, காலையில் கிடைப்பது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு இரவு ஆனது. உங்களுக்கு இந்தக் கட்டுரையைப் படிக்கும் நேரம் போதும்.

இது படகு ஓட்டக் கற்றுத்தரும் கட்டுரை அல்ல. ஓட்டத் தெரிந்து, சொந்தப் படகிலோ வாடகைப் படகிலோ கரையை ஒட்டி நாளொரு துறைமுகமாகப் போக நினைக்கும் புதியவர்களுக்கானது. பெர்த் என்றால் படகு கட்டுமிடம். ரயில் பெர்த்தைப் போலவே இதற்கும் முன்பதிவு உண்டு, காத்திருப்போர் உண்டு, எழுதிக் கொடுத்த இடத்தில் வேறொருவர் படுத்திருப்பதும் உண்டு. மரீனா என்று நான் எழுதுவது கடற்கரையை அல்ல; மிதவை மேடை, தண்ணீர், மின்சாரம், குளியலறை எல்லாம் வைத்துக் கட்டணம் வாங்கும் படகுத்துறையை.

1. படகின் அளவுகளை ஒரு அட்டையில் எழுதி ஒட்டுங்கள்

எந்தத் துறைமுகத்தைக் கேட்டாலும் முதல் கேள்வி நீளம், இரண்டாவது அகலம், மூன்றாவது நீருக்குக் கீழே எவ்வளவு ஆழம் போகிறது என்பது. இந்த மூன்றையும் மீட்டரிலும் அடியிலும் எழுதி, வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரு மீட்டர் 3.28 அடி. அலையில் ஆடிக்கொண்டே மனக்கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும்.

நீளத்தில் ஒரு பொறி இருக்கிறது. பதிவுச் சான்றிதழில் எழுதியிருப்பது பெரும்பாலும் உடலின் நீளம் மட்டுமே. மரீனா கணக்கிடுவது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரம், பின்னால் தொங்கும் சிறுபடகு, ஏணி எல்லாம் சேர்த்த முழு நீளம். கட்டண அட்டவணை பெரும்பாலும் படிப்படியாக இருக்கும். பத்து மீட்டருக்கு ஒரு கட்டணம், பத்தைத் தாண்டினால் அடுத்த படி. 9.9 என்று சொல்லிவிட்டு 10.6 மீட்டர் படகோடு போய் நின்றால் பணம் மட்டும் பிரச்சினை அல்ல. உங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் படகு அடங்காது. அளவு நாடாவோடு வந்து நிற்கும் பணியாளரை நானே சந்தித்திருக்கிறேன். அவர்மேல் தப்பில்லை.

அகலம் இரட்டை உடல் கொண்ட கேட்டமரான்காரர்களுக்கு வாழ்வா சாவா பிரச்சினை. வழியில் பாலங்கள் இருந்தால் நான்காவது அளவாக, நீர்மட்டத்திலிருந்து பாய்மர உச்சிவரையான உயரத்தையும் எழுதுங்கள். உச்சியில் இருக்கும் வானொலிக் கம்பியையும் காற்றுமானியையும் சேர்த்து.

2. ஆவணப் பை

நீர் புகாத ஒரே பை. அதில்:

படகின் பதிவுச் சான்றிதழ், அசல். நகலை ஏற்காத அலுவலகங்கள் உண்டு. வாடகைப் படகானால் வாடகை ஒப்பந்தமும் வேண்டும்.

காப்பீட்டுச் சான்றிதழ். மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் பல மரீனாக்கள் உள்ளேயே விடாது. மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தேதி முடியாமல் இருக்கிறதா, நீங்கள் போகும் கடற்பகுதி அதில் எழுதப்பட்டிருக்கிறதா, ஈட்டுத்தொகை தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா. சில நாடுகளில் உள்ளூர் மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே அனுப்புவார்கள், ஆனால் சில நாட்கள் ஆகும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

படகோட்டியின் தகுதிச் சான்றிதழ். ஐரோப்பாவில் பரவலாகக் கேட்கப்படுவது ஐ.சி.சி. எனப்படும் சர்வதேசத் தகுதிச் சான்றிதழ். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் இயற்றிய 40ஆம் எண் தீர்மானத்தின்படி வழங்கப்படுவது அது. தேர்வு எழுதி வாங்க வேண்டியது. கடைசி வாரத்தில் ஆகிற காரியமல்ல.

வானொலிக்கு இரண்டு தாள்கள்: கருவிக்கான உரிமம் ஒன்று, பேசுபவருக்கான சான்றிதழ் இன்னொன்று. இரண்டும் ஒன்றென்று நினைத்து ஒன்றை வீட்டில் விட்டுவிட்டு வருபவர்கள் நிறைய. உரிமத்தில் உள்ள அழைப்புக்குறியையும் எம்.எம்.எஸ்.ஐ. எனப்படும், வானொலியில் படகை அடையாளம் காட்டும் ஒன்பது இலக்க எண்ணையும் முன்சொன்ன அட்டையில் சேர்த்துவிடுங்கள்.

பயணிகள் பட்டியல். பெயர், பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எண். ஐந்தாறு படிகள் அச்சடித்து வையுங்கள். எழுதிய தாளைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை, அங்கே நின்று எழுத ஆரம்பித்தால் அரை மணிநேரம்.

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் போகிறீர்கள் என்றால் இன்னொரு விதி உண்டு. புதியவர்களுக்கு இதைச் சொல்ல யாருமே இருப்பதில்லை. முதல் இரவு உங்களுக்குப் பிடித்த துறைமுகத்தில் கட்ட முடியாது. குடிநுழைவு, சுங்க அலுவலகங்கள் உள்ள நுழைவுத் துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும். வலப்பக்கம் மஞ்சள் கொடியை ஏற்றிக்கொண்டு, அனுமதி கிடைக்கும்வரை படகோட்டியைத் தவிர மற்றவர்கள் கரையிறங்காமல் இருப்பதுதான் பொது நடைமுறை. ஆகவே அந்த ஓர் இரவுக்குத் தேர்வே கிடையாது; அதை முதலில் உறுதிசெய்துகொண்டு மற்ற இரவுகளைப் பின்னால் திட்டமிடுங்கள். ஷெங்கன் நாடுகளுக்கு (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) வெளியிலிருந்து வருபவர்களுக்கு எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் என்ற வரம்பு படகில் வந்தாலும் அப்படியே பொருந்தும். மரீனாவில் படகிலேயே தூங்கினாலும் அது நாட்டுக்குள் தங்கியதாகத்தான் கணக்கு.

3. விருந்தாளிப் படகுக்கு எங்கே இடம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வரைபடத்தில் ஒரு துறைமுகம் இருக்கிறது என்பதால் அங்கே உங்களுக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தமல்ல. இந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை அந்த முதல் மாலை.

மரீனாக்களில் பெரும்பாலான இடங்கள் ஆண்டுச் சந்தாதாரர்களுடையவை. வந்துபோகிறவர்களுக்கென்று தனி மேடை கொஞ்சம் இருக்கும். அதைத் தவிர, சந்தாதாரர் யாராவது படகை எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருந்தால் அந்தக் காலி இடத்தையும் தருவார்கள். பால்டிக் கரையோரங்களிலும் நெதர்லாந்திலும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பலகை இருக்கும்: பச்சை தெரிந்தால் கட்டலாம், சிவப்பு தெரிந்தால் உரிமையாளர் திரும்பி வரப்போகிறார். இதைவிட எளிமையான ஏற்பாட்டை நான் எங்கும் பார்க்கவில்லை. மற்ற இடங்களில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காலியாக இருக்கிறதே என்று நீங்களே போய்க் கட்டிவிட்டால் இரவு பதினொரு மணிக்கு உரிமையாளர் திரும்பி வந்து விளக்கடித்து எழுப்புவார்.

மீன்பிடித் துறைமுகங்களில் நாம் விருந்தாளி, அவர்கள் வேலை செய்பவர்கள். மீன் இறக்கும் சுவர், பனிக்கட்டி ஏற்றும் இடம், எரிபொருள் நிரப்பும் இடம் ஆகிய மூன்றிலும் எவ்வளவு காலியாக இருந்தாலும் கட்டாதீர்கள். விடிகாலை மூன்று மணிக்கு அது காலியாக இருக்காது. ஓரமாகக் கயிறு பின்னிக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம் போய் எங்கே கட்டினால் இடைஞ்சலாக இருக்காது என்று கேளுங்கள். துறைமுக அலுவலகம் தராத இடத்தை அவர் காட்டியதுண்டு.

மூன்றாவது வகை, கடலடியில் கனமான எடையோடு பிணைத்த மிதவை. கட்டணம் மரீனாவைவிடக் குறைவு. தண்ணீரும் மின்சாரமும் கிடையாது. கரைக்குப் போகச் சிறுபடகு வேண்டும். மிதவையில் எழுதியிருக்கும் எடை வரம்பைப் படியுங்கள். ஒன்றும் எழுதாத மிதவை பெரும்பாலும் தனியார் சொத்து. அடியில் சங்கிலி எந்த நிலையில் இருக்கிறது என்பது அதன் உரிமையாளருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நான்காவது, உங்கள் சொந்த நங்கூரம். அதைப் பற்றிக் கடைசியில்.

4. ஒவ்வொரு நாளுக்கும் மூன்று பெயர்கள்

முந்தின நாள் மாலையே மூன்று துறைமுகங்களின் பெயரை எழுதுங்கள். முதலாவது, போக நினைக்கும் இடம். இரண்டாவது, அதற்கு முன்னால் வழியிலேயே இருப்பது. காற்று மாறினாலோ யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலோ அங்கே ஒதுங்கலாம். மூன்றாவது, எந்த ஓதத்திலும், இருட்டிலும், யாரையும் கேட்காமல் நுழையக்கூடிய இடம். அது நல்ல நங்கூரத் தளமாகக்கூட இருக்கலாம். மூன்றாவது பெயர் எழுத முடியவில்லை என்றால் அந்த நாளின் திட்டத்தையே மாற்றுங்கள். என் முதல் பயணத்தில் ஒரே ஒரு பெயரோடு போனேன். விளைவை முதல் பத்தியில் பார்த்தீர்கள்.

தூரக் கணக்கைக் கஞ்சத்தனமாகப் போடுங்கள். 30 கடல் மைல். ஐந்து நாட் (மணிக்கு ஐந்து கடல் மைல்) வேகத்தில் ஆறு மணிநேரம் என்று காகிதம் சொல்லும். எதிர்க்காற்றில் குறுக்கும் நெடுக்குமாகப் போனால் அதே தூரம் ஒன்பது மணிநேரம் இழுக்கும். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 25 கடல் மைலுக்குமேல் வைக்காதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்குள் நுழைவது போலக் கணக்கிட்டு, அதிலிருந்து பின்னோக்கிப் புறப்படும் நேரத்தை முடிவுசெய்யுங்கள். காலை ஏழு மணிக்குக் கயிறு அவிழ்ப்பது என்றால் ஏழு மணிக்குத்தான். ஏழுக்குத் தேநீர் என்று அர்த்தமல்ல.

நாட்காட்டியும் முக்கியம். பள்ளி விடுமுறைக் காலம், வெள்ளி சனிக்கிழமைகள், உள்ளூர்த் திருவிழா, படகுப் பந்தயம். பந்தயத் தேதிகளைத் துறைமுகத்தின் இணையப் பக்கத்தில் போட்டிருப்பார்கள். நான் பார்க்கவில்லை. புதன்கிழமை காலியாகக் கிடக்கும் அதே மரீனா சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நிரம்பிவிடும். வார இறுதியில் பெரிய ஊரில் ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கிவிட்டு, வாரநாட்களில் சின்னத் துறைமுகங்களுக்கு நகர்வது நல்லது.

5. கேட்கும் நேரம்: காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு

இந்த ஒன்றரை மணிநேரத்துக்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான மரீனாக்களில் ஒரு நாள் என்பது மதியத்திலிருந்து மறுநாள் மதியம்வரை. முந்தின இரவு தங்கியவர்களில் யார் போகிறார்கள், யார் இன்னோர் இரவு நீட்டிக்கிறார்கள் என்பது அலுவலகத்துக்குப் பத்து மணிக்குமேல்தான் தெரியவரும். காலை எட்டு மணிக்குக் கேட்டால் "பிறகு அழையுங்கள்" என்பார்கள். மாலை ஐந்துக்குக் கேட்டால் இடம் போயிருக்கும். அல்லது அலுவலகமே மூடியிருக்கும்.

மூன்று வழிகளில் கேட்கலாம். முன்பதிவுச் செயலிகள் ஒன்று: ஐரோப்பாவில் நேவிலி, அமெரிக்காவில் டாக்வா போன்றவை பரவலாகப் பயன்படுகின்றன. செயலியில் பதிவு செய்தாலும் உறுதிச் செய்தி வரும்வரை அது வெறும் விண்ணப்பம்தான். முன்பணம் போனதா, வர முடியாவிட்டால் எத்தனை மணிநேரத்துக்கு முன் ரத்து செய்ய வேண்டும் என்பதைப் படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். காற்று நம் முன்பதிவைப் பார்த்து வீசுவதில்லை. கட்டிய பணம் போய்விடுமே என்ற ஒரே காரணத்துக்காகப் புயல் எச்சரிக்கை நாளில் கடலுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஆகவே முன்பணம் திரும்பாத முன்பதிவை நான் செய்வதே இல்லை.

இரண்டாவது, தொலைபேசி. எனக்குப் பிடித்தது இதுதான். மனிதர் பேசுகிறார், "முழுவதும் நிரம்பிவிட்டது, ஆனால் நான்கு மணிக்கு ஒருவர் கிளம்புகிறார்" என்பதைச் செயலி சொல்லாது. பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் பணிமுறை மாறி வேறொருவர் இருப்பார். "காலையில் இன்னார் ஒதுக்கினார்" என்ற ஒரு வாக்கியம் என்னை இரண்டு முறை காப்பாற்றியது.

மூன்றாவது வழி கடலில் இருந்தபடி வானொலியில் கேட்பது. சின்னத் துறைமுகங்கள் பலவற்றில் முன்பதிவே கிடையாது. முன்னால் வருபவருக்கு முன்னால் இடம். அங்கெல்லாம் சீக்கிரம் போவது ஒன்றே வழி.

6. வானொலியில் என்ன சொல்வது

படகுகளில் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரியது. அதில் பெர்த் பேரம் பேசாதீர்கள். ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனி வேலை அலைவரிசை உண்டு: பிரான்ஸ் மரீனாக்களில் பெரும்பாலும் 9, பிரிட்டனில் 80. கரையோர வழிகாட்டி நூலில் பார்த்து, மூன்று பெயர்களுக்கு எதிரேயும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்கு ஒரு மணிநேரம் இருக்கும்போது ஒரு முறை, வாயிலுக்கு வெளியே ஒரு முறை அழைத்தால் போதும்.

முதன்முதலாகப் பேசும்போது எல்லோருக்கும் நாக்கு உலர்ந்துவிடும். அதனால் வாக்கியத்தையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரிசை இதுதான்: துறைமுகத்தின் பெயர் இரண்டு முறை, படகின் பெயர் இரண்டு முறை. பதில் வந்ததும், "பாய்மரப் படகு, நீளம் 10.6 மீட்டர், அகலம் 3.4, ஆழம் 1.8. ஓர் இரவுக்கு இடம் வேண்டும். வரும் நேரம் பதினைந்து முப்பது. நான்கு பேர்." அவ்வளவுதான். நன்றி, வணக்கம், காற்று எப்படி என்பதெல்லாம் கரையேறிய பிறகு.

பதிலில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியவை நான்கு: எந்த மேடை, எந்த எண், படகின் எந்தப் பக்கம் மேடையை ஒட்டும், கயிறு வாங்க ஆள் வருவாரா. அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யுங்கள். பக்கம் தெரியாமல் போனால் மேடையில் உரசாமல் காக்கும் ஃபெண்டர் மெத்தைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட வேண்டியதுதான். நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன், கௌரவம் பார்ப்பதில்லை.

7. தண்ணீர் இருக்கிறதா? இப்போது மட்டுமல்ல, விடிகாலை மூன்று மணிக்கும்

உங்கள் கீல் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெர்த் இருக்கும் இடத்தில் வரைபட ஆழம், அதாவது நீர் மிக வற்றியிருக்கும்போதும் இருக்கும் ஆழம், 1.2 மீட்டர். நீங்கள் நுழையும் மாலை ஐந்து மணிக்கு அதற்குமேல் ஏறியிருக்கும் ஓத உயரம் 2.1. மொத்தம் 3.3 மீட்டர் தண்ணீர். கீலுக்குக் கீழே ஒன்றரை மீட்டர் மிச்சம். தாராளம் என்று கட்டிவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். இரவு பதினொரு மணித் தாழ் ஓதத்தில் ஓத உயரம் 0.4. இப்போது மொத்தத் தண்ணீர் 1.6 மீட்டர். கீல் இருபது சென்டிமீட்டர் சேற்றில் உட்கார்ந்திருக்கும். மென்சேறு என்றால் பரவாயில்லை. பாறையானால் தூக்கம் போகும், பிறகு கீலும் போகும்.

அதனால் தங்கும் காலம் முழுவதிலும் வரப்போகும் மிகத் தாழ்ந்த ஓதத்தை எடுத்துக் கணக்கிடுங்கள். அப்போதும் கீலுக்குக் கீழே அரை மீட்டராவது மிச்சம் இருக்கட்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஒன்றிரண்டு நாட்களில் நீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றவும் செய்யும். வளர்பிறை, தேய்பிறை எட்டாம் நாளையொட்டி வேறுபாடு குறைவு. தெரியாத, ஆழம் குறைந்த துறைமுகங்களை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். வானிலைக் காற்றழுத்தத்தையும் பாருங்கள்: சராசரியான 1013ஐவிட ஒரு ஹெக்டோபாஸ்கல் கூடினால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இறங்கும். 1033 காட்டும் அருமையான வெயில் நாளில் அட்டவணையைவிட இருபது சென்டிமீட்டர் குறைவாக இருக்கலாம்.

ஓதம் எவ்வளவு என்பது கடலுக்குக் கடல் மாறும். பிரான்ஸின் சேன் மாலோவில் 12 மீட்டருக்குமேல் ஏறி இறங்கும் நாட்கள் உண்டு. மத்தியதரைக் கடலின் பெரும்பகுதியில் அரை மீட்டர்கூட இருக்காது. ஓதம் பெரிதாக உள்ள கரைகளில் பல உள்துறைகளுக்குக் கதவோ தடுப்புத் திண்டோ இருக்கும். உயர் ஓதத்தை ஒட்டிய சில மணிநேரம்தான் வழி திறக்கும். தவறவிட்டால் வெளியே காத்திருக்கும் மேடையில் ஆறேழு மணிநேரம். மறந்துவிடாதீர்கள், மறுநாள் வெளியேறுவதற்கும் அதே கதவுதான். விடிகாலை நான்கு மணிக்கு மட்டும் திறக்கிறது என்றால் அந்த ஊரில் இன்னொரு பகலையும் கழிக்கத் தயாராக இருங்கள்.

8. நுழைந்து கட்டுதல்

வாயிலுக்கு வெளியிலேயே பாயை இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு, கயிறுகளையும் மெத்தைகளையும் மாட்டி முடித்த பிறகுதான் உள்ளே நுழைய வேண்டும். உள்ளே போய்க் கயிறு தேடுபவர்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் நன்றாக அறியும். இடம் ஒதுக்கப்படாமல் வந்திருந்தால் வரவேற்பு மேடை என்று எழுதியிருக்கும் இடத்தில் தற்காலிகமாகக் கட்டிவிட்டு அலுவலகத்துக்கு நடங்கள்.

மத்தியதரைக் கடலில் படகுகள் பின்புறத்தைச் சுவருக்குக் காட்டித்தான் நிற்கும். சில இடங்களில் மூன்று நான்கு படகு நீளத்துக்கு முன்பே நங்கூரத்தை இறக்கிவிட்டுப் பின்னோக்கி வர வேண்டும். சில இடங்களில் கடலடியில் கிடக்கும் கயிற்றின் முனையைச் சுவரிலிருந்து எடுத்து முன்புறத்தில் கட்டிவிடலாம். அந்தக் கயிறு முழுக்கச் சிப்பியும் பாசியுமாக இருக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கயிறு தண்ணீரில் இருக்கும்போது இன்ஜினை முடுக்காதீர்கள், சுழலியில் சுற்றிக்கொள்ளும். ஒரு நாள் காலையில் காற்றில்லாத வேளையில் ஏதாவது காலிச் சுவரில் பத்து முறை பின்னோக்கி வந்து பழகுங்கள். முப்பது பேர் வேடிக்கை பார்க்கும் மாலையில் பழகுவது கொடுமை.

கூட்டம் மிகுந்த வடகடல் துறைமுகங்களில் படகுக்குப் பக்கத்தில் படகாக அடுக்கிக் கட்டச் சொல்வார்கள். இதற்கு எழுதாத சட்டங்கள் உண்டு. முதலில் அனுமதி கேளுங்கள். நாளை எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று இரண்டு தரப்பும் பேசிக்கொள்ளுங்கள்; ஐந்து மணிக்குக் கிளம்புபவர் உள்ளே இருந்தால் நால்வரும் எழ வேண்டும். பக்கத்துப் படகோடு மட்டும் கட்டிவிட்டு நிறுத்தாமல் முன்னும் பின்னும் கரைக்கு உங்கள் சொந்தக் கயிறு போக வேண்டும். பாய்மரங்கள் நேருக்கு நேர் வராமல் கொஞ்சம் முன்பின்னாக நில்லுங்கள்; அலையில் ஆடும்போது மேலே மோதிக்கொள்ளும். கரைக்கு நடக்கும்போது அடுத்தவர் படகின் முன்தளம் வழியாக, மணல் தட்டிய காலோடு, சத்தமில்லாமல். அவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் பின்பகுதி வழியாகப் போவது வீட்டு நடுக்கூடத்தில் செருப்போடு நடப்பது மாதிரி.

9. பணம்

கட்டணம் நீளத்தை வைத்து. சில இடங்களில் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிய பரப்பை வைத்து. கேட்டமரானுக்கு ஒன்றரை மடங்கு, சில இடங்களில் இரண்டு மடங்கு. பருவத்துக்குப் பருவம் மாறும். உச்சப் பருவம் தொடங்கும் தேதியைப் பார்த்து ஒரு வாரம் முன்னால் பயணத்தை நகர்த்தினால் மிச்சம் கணிசமானது.

"ஓர் இரவுக்கு எவ்வளவு?" என்று கேட்பது போதாது. "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். மின்சாரம் தனியா, தண்ணீர் தனியா, குளியலுக்குத் தனி நாணயமா, தலைக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரி உண்டா, வாயிற்சாவிக்கு முன்பணமா? ஓர் இடத்தில் பெர்த் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்தச் சில்லறைகளிலேயே போனது. சில மணிநேரம் மட்டும் கட்டிவிட்டுக் கடைக்குப் போய்வர, பகல் கட்டணம் என்று குறைந்த விலையில் ஒன்று பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். மூன்று இரவு தங்கினால் நான்காவது இலவசம் என்பது போன்ற சலுகைகளும் அப்படியே. உங்கள் படகுக்கு ஏதாவது மரீனாவில் ஆண்டு பெர்த் இருந்தால், அது வேறு மரீனாக்களோடு பரிமாற்ற ஒப்பந்தம் வைத்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

மின்செருகி நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவில் பெரும்பாலும் 16 ஆம்பியர் நீலச் செருகி, 230 வோல்ட். வட அமெரிக்காவில் 30 ஆம்பியர், 120 வோல்ட். மாற்றுச் செருகியும் 25 மீட்டர் கம்பியும் படகிலேயே இருக்கட்டும். மரீனாக் கடையில் வாங்கினால் அவசரத்துக்கும் சேர்த்து விலை போடுவார்கள்.

21 இரவுகள் கொண்ட என் இரண்டாவது பயணத்தில் பதினோரு இரவு மரீனா, ஆறு இரவு மிதவை, நான்கு இரவு நங்கூரம். மொத்தச் செலவு, எல்லா இரவும் மரீனாவிலேயே கழித்த முதல் பயணத்தின் செலவில் ஏறத்தாழ பாதி. மூன்று நாளுக்கு ஒரு முறை மரீனாவில் தண்ணீர், மின்கலம், துணி, குளியல் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டால் நடுவில் இருக்கும் இரவுகளுக்கு எதுவும் தேவைப்படுவதில்லை.

10. எங்குமே இடமில்லை என்றால்

முதலில், "இடமில்லை" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "அடுக்கிக் கட்டலாமா? எரிபொருள் மேடையில் அது மூடிய பிறகு காலைவரை நிற்கலாமா? வேறு எங்கே கேட்கலாம்?" இந்த மூன்றையும் பணிவாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு பெயர் கிடைக்கும். ஆனால் வாக்குவாதம் வேண்டாம்; நாளைக்கு அவரிடமே திரும்பி வர நேரலாம். படகிலோ உடம்பிலோ உண்மையான ஆபத்து இருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள், இடம் உண்டாக்குவார்கள். களைப்பை ஆபத்து என்று சொல்லாதீர்கள்.

பிறகு உங்கள் மூன்றாவது பெயர். நங்கூரம் போடும்போது சங்கிலியானால் உயர் ஓத ஆழத்தைப்போல நான்கு மடங்காவது விடுங்கள். காற்று வலுத்தால் இன்னும் அதிகம். அடியில் மணலா சேறா புல்லா என்பதை வரைபடம் சொல்லும். கடற்புல் படுகைகளில் நங்கூரம் பிடிக்காது, பல இடங்களில் அங்கே போடுவது தடையும்கூட. இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு, பகலில் ஒரு கறுப்புப் பந்து. காற்று இரவில் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள், மாலை நேரத்து அமைதியைப் பார்த்து அல்ல. இருட்டில் தெரியாத துறைமுகத்துக்குள் நுழைவதைவிட, நன்றாகத் தெரிந்த திறந்த கடலில் மெதுவாக முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்து விடிந்ததும் நுழைவது சில நாட்களில் பாதுகாப்பானது. இரண்டிரண்டு பேராகக் காவல் மாற்றிக்கொண்டு அப்படி ஓர் இரவைக் கழித்திருக்கிறோம். பிஸ்கட் இரவைவிட அது எவ்வளவோ மேல்.

11. கிளம்பும்போது

முந்தின மாலையே கணக்கை முடித்து, சாவியைக் கொடுத்து முன்பணத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். நீங்கள் ஆறு மணிக்குக் கிளம்பினால் அலுவலகம் ஒன்பதுக்குத்தான் திறக்கும். கட்டிய ரசீதைப் பயணம் முடியும்வரை வைத்திருங்கள். பணம் கட்டினீர்களா என்று சில துறைமுகங்கள் பிறகு அழைத்துக் கேட்டதுண்டு, அடுத்த துறைமுகம் முந்தைய ரசீதைப் பார்க்க விரும்பியதும் உண்டு. போகிறோம் என்று அலுவலகத்திடம் சொல்லிவிட்டுப் போனால் உங்கள் இடத்துக்காகக் காலை பதினொரு மணிக்குத் தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்கு அது கிடைக்கும்.

கயிறுகளை அவிழ்க்கும் முன் கரை மின்கம்பியைக் கழற்றுங்கள். முதலில் கம்பத்தில் சுவிட்சை அணைத்து, கம்பத்து முனை, பிறகு படகு முனை. சிரிக்காதீர்கள். கம்பத்தையே சாய்த்து இழுத்துக்கொண்டு போன ஒரு படகுக்கு அடுத்த பெர்த்தில் நான் இருந்தேன்.